திருகுப் பல்லும் சுட்ட சோளமும்

"இன்னும் கொஞ்சம் ராவி விடுங்க டாக்டரம்மா. சோளத்தைக் கடிச்சா காது வரைக்கும் சுண்டி இழுக்குது!"

எனுகு நகரத்தில் மோட்டார் உதிரிபாகம் விற்கும் ஒபியோரா, நாற்காலியில் மல்லாந்தபடி முறையிட்டார். தாடையெலும்பில் திருகாணி இறக்கி வைத்த புதுப் பல். மனைவி போய்ச் சேர்ந்தபின் மனுஷர் தனக்கென்று செய்துகொண்ட ஒரே காரியம்.

எல்லாம் நுவாகேகோவுக்காக. அவர் கடைக்கு எதிரே சோளம் சுட்டு விற்கிறாள், அவளும் துணையை இழந்தவள். சோளம் தின்கிற சாக்கில்தான் சாயங்காலம் அவள் பெஞ்சில் உட்கார முடியும். சும்மா உட்கார்ந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

டாக்டர் உஸோமா ராவினார். மறுபக்கம் வலித்தது. அந்தப் பக்கமும் ராவினார். இப்போது தாடை 'கடக் கடக்' என்றது.

"சொந்தப் பல்லுக்கு அடியில மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். இது எலும்போட முறுக்கினது. எவ்வளவு அழுத்துறோம்னு இதுக்குத் தெரியாது. அடியெல்லாம் தாடைதான் வாங்கும்."

"ஷாக் அப்சார்பர் இல்லாத வண்டி."

"அதேதான். சோளத்தை விட்டுடுங்க."

"அதை விட்டா எனக்குன்னு என்ன இருக்கு, டாக்டரம்மா?"

டாக்டர் மனமிரங்கி, தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார். ஒபியோரா அதை மாட்டிக்கொண்டே சோளக்கடைக்குப் போனார். ஒரே கடி. உறை கதிரோடு கழன்று வந்தது.

நுவாகேகோ விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, வழக்கம்போல, "அவசரமில்லாம மெல்லுங்க" என்று சோளத்தோடு சேர்த்துத் தின்னத் தேங்காய்க் கீற்றை நீட்டினாள்.

அந்தச் சிரிப்புக்காக ஏங்கித்தானே இத்தனை நாளும்! ஆனால் தாடை கெஞ்சியது. ஒபியோரா எழுந்தார்.

"இனிமே நான் வரலைங்க. உங்க சோளத்தைக் கடிக்க எனக்குத் தெம்பில்ல."

அவள் விசிறி நின்றது. தணலையே பார்த்தாள்.

பெஞ்சின் ஓரத்தில், ஒற்றைப் பல்கூட இல்லாத மாஸி ஒக்வுவோசா வெறும் ஈறால் கதிரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அட கூறுகெட்டவனே, எங்களுக்கெல்லாம் இளங்கதிர்தான்யா, உனக்கு மட்டும் முத்தலாப் பொறுக்கி வைக்கிறா, இளசாக் குடுத்தா சட்டுனு தின்னுட்டு எந்திரிச்சுப் போயிடுவியாம்!"