கை வைக்க வேண்டாம்

குரங்கு கையில் பூமாலை என்று சொன்னவர், ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை கையில் ஒரு வீட்டைக் கொடுத்துப் பார்த்திருக்க மாட்டார். நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்பிள்ளை நானேதான்.

கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் வேலை பார்த்தேன். எந்த லோரி எங்கே நிற்கிறது, எப்போது வந்து சேரும் என்று காலையிலிருந்து மாலைவரை ஃபோனில் கத்துவதுதான் தொழில். ஓய்வு பெற்றதும் லோரிகள் போய்விட்டன, கத்தல் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சாலாக் செலாத்தான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருக்கும் மனைவி ஸ்டெல்லாவை ஃபோனில் பிடிப்பேன்.

“எங்க இருக்கே?”

“கீரைக்கடைலங்க.”

“எப்ப வருவே?”

“நீங்க ஃபோனை வச்சா வருவேன்.”

சும்மா உட்கார எனக்குத் தெரியாது. ஒரு நாள் சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன். (அன்று மாலை தேநீரில் உப்பு.) நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அது அன்றிலிருந்து தவளை மாதிரி கத்துகிறது. ஸ்டெல்லாவுக்கு வாயில் ஒரே ஜெபம்தான்: “ஏங்க, எதுலயும் கை வைக்காதீங்க!”

கடைசியில் தாங்க முடியாமல் அவளே என்னைத் தன் தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்தாள். குடும்பத்தில் யாருக்கு ப்ளவுஸ் என்றாலும் அவள்தான் தைப்பாள். எனக்குத் தலையணை உறையில் ஆரம்பித்தாள். கால் பெடலில் இருக்கும்வரை மனசு ஒரே இடத்தில் நிற்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். லோரி ஞாபகம் இல்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வேலையை விட்ட பிறகு எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது. அந்தத் தைரியத்தில் எனக்கொரு சிலுவார், அதாவது கால்சட்டை, தைக்க உட்கார்ந்தேன். இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து மூட்டியதில் அது கைலியாக முடிந்தது. பரவாயில்லை, கைலியும் தேவைதான் என்று கட்டிக்கொண்டேன்.

இப்படியிருக்க, ஸ்டெல்லாவின் மூத்த அக்கா மெர்சியின் நாற்பதாவது கல்யாண நாள் வந்தது. நாங்கள் எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் சபையில் ஸ்தோத்திர ஆராதனை. பெரியக்கா முன்னால் போய், ஆண்டவர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளில் தேடித் தேடி, கடைசித் துண்டாகக் கிடைத்த மயில் பச்சைப் பட்டில் ப்ளவுஸ் தைக்க ஸ்டெல்லாவிடம் கொடுத்திருந்தார்.

பெரியக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கை இல்லாத ப்ளவுஸ் போட்டு எந்தப் பெண் சபைக்கு வந்தாலும் பக்கத்தில் போய், “ஏம்மா, துணி பத்தலையா?” என்று விசாரிப்பவர் அவர். அவருக்குப் பயந்தே பாதிப் பெண்கள் சால்வையோடு வருவார்கள்.

ஸ்டெல்லா என்னை முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். “இந்தத் துணி மறுபடி கிடைக்காது. இதுக்கு ஏதாவது ஆச்சு, மெஷினைத் தூக்கி யாருக்காவது குடுத்துருவேன்.” சொன்னால் செய்வாள். மெஷின் போனால் நான் மறுபடியும் ஜன்னலோரம் நின்று பக்கத்து வீட்டுக் கார் எப்போது திரும்பும் என்று கணக்குப் போட வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை ஸ்டெல்லா கிள்ளானில் சிநேகிதியைப் பார்க்கப் போனாள். ரயிலில் இருந்தபடியே எனக்கொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

“ஏங்க, பெரியக்கா ப்ளவுஸ் மேசை மேல இருக்கு. உடம்பு மூட்டிட்டேன். அதுல கை வைக்க வேண்டாம்...”

அதோடு நிறுத்திவிட்டேன். எனக்கு எந்த வாய்ஸ் மெசேஜையும் முழுசாகக் கேட்கப் பொறுமை கிடையாது. விஷயம்தான் தெரிந்துவிட்டதே. கை வைக்க வேண்டாம். கை இல்லாத ப்ளவுஸ்.

ஆமாம், அப்படித்தான் புரிந்துகொண்டேன். முன்பெல்லாம் இதே வார்த்தைக்கு ‘தொடாதே’ என்று ஒரே அர்த்தம்தான் தெரியும். இப்போது நான் தையல்காரன் அல்லவா? ‘கை வச்ச ப்ளவுஸ், கை வைக்காத ப்ளவுஸ்’ என்று தொழில் பாஷை பழகிவிட்டது. கல்யாண நாளுக்குப் பெரியக்கா கொஞ்சம் ஸ்டைலாகப் போக ஆசைப்படுகிறார், என்னை நம்பி ஸ்டெல்லா வேலையை விட்டுப் போயிருக்கிறாள் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

கை வளைவை இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்கி வெட்டினேன். (யாரும் சொல்லவில்லை. ஃபேஷன்.) ஓரத்தை மடித்து அடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு நேராக ஒரு தையல் விழுந்ததில்லை. மேசையில் இரண்டு துண்டுப் பச்சைத் துணி மிச்சம் கிடந்தது. வீணாக்குவானேன் என்று ஒன்றில் என் மூக்குக் கண்ணாடிக்கு உறையும், இன்னொன்றில் டிவி ரிமோட்டுக்கு ஒரு சட்டையும் வெட்டித் தைத்தேன்.

சாயங்காலம் ஸ்டெல்லாவும் பெரியக்காவும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். நான் வாசலுக்கே ப்ளவுஸை ஏந்திக்கொண்டு போனேன்.

ஸ்டெல்லா வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். “கை எங்க?”

“நீதானே வைக்க வேண்டாம்னு சொன்னே?”

“தொட வேண்டாம்னு சொன்னேங்க!”

என் ஃபோனைப் பிடுங்கி மெசேஜை முழுசாக ஓடவிட்டாள். நான் நிறுத்திய இடத்துக்கு அப்புறம் அவள் குரல் நிதானமாக வந்தது: “...நான் வந்து பாத்துக்கிறேன். வெட்டி வச்ச ரெண்டு கையும் பக்கத்துல இருக்கு, பத்திரம்.”

மூன்று பேரும் மேசையைப் பார்த்தோம். அங்கே ரிமோட் பச்சைப் பட்டில் ஜம்மென்று படுத்திருந்தது.

பெரியக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஸ்டெல்லா, உன் வீட்டு ரிமோட்டுக்குக் கை இருக்கு. எனக்கு இல்ல.”

அடித்துப் பிடித்து மஸ்ஜித் இந்தியாவுக்கு ஓடினோம். கடைக்காரர் ப்ளவுஸைத் தூக்கிப் பார்த்தார். “இந்தப் பச்சை முடிஞ்சுருச்சுக்கா. வேற பச்சை இருக்கு, கொஞ்சம்தான் வித்தியாசம் லா.” அவர் எடுத்துப் போட்டது பாண்டான் இலைப் பச்சை. ஒட்டுப் போட்டால் முருங்கை மரத்தில் வாழையிலை தொங்கிய மாதிரி இருக்கும். “யார் தச்சது?” என்று கேட்டார். நான் வெளியே நிற்கும் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மெஷின் போனதுபோலத்தான் என்று மனசுக்குள் அழுதுகொண்டே வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா அதே ப்ளவுஸில் வந்தார், மேலே தடிமனான ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு. அன்றைக்கென்று சபையில் ஏர்கோன் வேலை செய்யவில்லை. (இதில் நான் கை வைக்கவில்லை.) சாட்சி சொல்ல முன்னால் போனவருக்கு நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகியது. “நாற்பது வருஷம் நடத்தி வந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!” என்று இரண்டு கைகளையும் உயர்த்தினார். சால்வை மெல்ல நழுவித் தரையில் விழுந்தது.

சபையே மூச்சை அடக்கியது. நான் பெஞ்சுக்கு அடியில் போக வழி இருக்கிறதா என்று குனிந்தேன். அப்போது முன் வரிசையிலிருந்து பெரியக்காவின் புருஷன் டேனியல் அண்ணன் குரல் கேட்டது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ரகசியம் பேசினாலும் ஊருக்கே கேட்கும்.

“மெர்சி! ரொம்ப அழகா இருக்கே!”

நாற்பது வருஷத்தில் அவர் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெரியக்காவே கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் குனிந்து சால்வையை எடுக்கவில்லை. மீதிச் சாட்சியை அப்படியே நின்று சொல்லி முடித்தார்.

ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில், பல வருஷம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு ஆன்டி பக்கத்தில் வந்து, “ஏன் சிஸ்டர், துணி பத்தலையா?” என்று கேட்டார்.

“துணியெல்லாம் பத்துச்சு,” என்றார் பெரியக்கா, என்னைக் கையால் காட்டி. “தச்சவருக்குத்தான் காது பத்தல.”

அன்றிலிருந்து நான் குடும்பத்தில் ‘காது பத்தாத டெய்லர்’. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் ரிமோட் சட்டை போட்டிருக்கிறதா என்று விசாரிப்பார். பெரியக்காவோ வீட்டில் போட்டுக்கொள்ளக் கை இல்லாத பருத்திச் சட்டைகளை என்னிடம்தான் கேட்கிறார். “காத்து நல்லா வருது லா, தம்பி,” என்கிறார். சபைக்கு மட்டும் மறுபடியும் முழுக்கை.

ஸ்டெல்லா மெஷினை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, ஒரு நாள் காலை நீலத் துணி ஒன்றை எடுத்துவந்து மெஷின் மேல் போட்டாள்.

“எனக்கு ஒரு ப்ளவுஸ். இதுல நீங்களே கை வைங்க.”

கல்யாணமானதிலிருந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தை. கண் கலங்கிவிட்டது. ஆனால் பட்டவன் அல்லவா, கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முதலில் கேட்டேன்:

“எந்தக் கை? என் கையா, ப்ளவுஸ் கையா?”