ஆறு மைலுக்கு ஒருமுறை நிற்கும் கார்

ஓடாத காரை ஓடவைக்கிறவர்கள் உண்டு. ஓடுகிற காரை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. ஒரே காரில் இந்த இரண்டையும் செய்தவன் நான். அதுவும் ஒரு கல்லூரியில் இயற்பியல் செய்முறை வகுப்பு எடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில். என்னிடம் படித்த பையன்கள் யாராவது இதை வாசித்தால் மன்னிக்கவும்.

எழுபதுகளின் கடைசியில் நானும் என் மனைவி சரோஜாவும் மதுரை காளவாசலில், சீனியப்பன் என்பவரின் வீட்டு மாடியில் குடியிருந்தோம். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருக்கும். கீழே வீட்டுக்காரர் குடும்பம். பக்கத்துக் கொட்டகையில் வெள்ளைக்காரன் காலத்துக் கருப்புக் கார் ஒன்று தூசி மூடி நின்றது. (எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். தப்பு கார்மேல் இல்லை.) வீட்டுக்காரரின் அண்ணன் ஆசையாக வைத்திருந்த கார். அவர் போனபிறகு ஆறு வருடமாக அதை யாரும் தொடவில்லை.

எனக்கு அப்போது ஒரு வியாதி இருந்தது. மூடிக்கிடக்கிற எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தாகவேண்டும். கல்யாணத்துக்கு வந்த ரேடியோவை மூன்றாம் நாளே பிரித்துவிட்டேன். அது அதன்பிறகு இலங்கை நிலையத்தை மட்டும்தான் எடுத்தது. அப்படிப்பட்டவன் தினமும் ஒரு காரைத் தாண்டித்தான் படியேற வேண்டும் என்றால் எத்தனை நாள் தாங்குவான்? ஒருநாள் வீட்டுக்காரரிடம் கேட்டேவிட்டேன்.

"ஓட வச்சிருங்க வாத்தியாரே" என்றார் சீனியப்பன். "அப்பறம் நீங்களே ஓட்டிக்கங்க. நம்ம பொண்ணு வசந்தா நிச்சயத்துக்கு மாப்ள வீட்டாரை இந்தக் கார்ல கூட்டியாந்துட்டாப் போதும். எங்கண்ணன் இருந்து செஞ்ச மாதிரி இருக்கும்." சொல்லும்போது அவர் தோள்துண்டால் காரின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். என் கண் பானெட் மேல் இருந்தது.

ஒரு மாதத்தில் காரை ஓடவைத்தேன். அதில் பாதிப் பெருமை முனிச்சாலைப் பக்கம் பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருந்த காசிம் பாய்க்குச் சேரும். என்ன கேட்டாலும் குவியலுக்குள் கைவிட்டு, கண்ணை மூடித் துழாவி எடுத்துக் கொடுத்துவிடுவார். அவரிடமே கிடைக்காத ஒரே பொருள் பெட்ரோல் டேங்க் மூடி. எங்கள் காரில் அது தொலைந்துபோய், வாயில் பழைய துணி அடைத்திருந்தது.

"இந்த வண்டிக்கு மூடியா? வண்டியே மதுரையில ரெண்டுதான் சார் இருக்கு. ஒண்ணு உங்ககிட்ட நிக்குது."

"இன்னொண்ணு?"

"வண்டியூர் தாண்டி ஒரு தோட்டத்துல செத்துக்கெடக்கு. அதுலயும் மூடி கெடையாது, நான் பாத்துட்டேன். பேசாம ஒரு லாரி மூடிய மேல வச்சுக் கயித்தால கட்டிவிடுங்க. காரியம் நடக்கும்."

காரியம் நடந்தால் மட்டும் போதுமா? நான் இயற்பியல்காரன் அல்லவா? கல்லூரிப் பட்டறையில் லேத்தில் உட்கார்ந்து, கனமான பித்தளையில் நானே ஒரு மூடி கடைந்தேன். விளிம்பில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றினேன். அழுத்தினால் கச்சென்று உட்காரும். ஒரு பொட்டு ஆவிகூட வெளியே போகாது. அதைப் பெருமையாகப் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"மாஷா அல்லா. ஆனா இம்புட்டு இறுக்கம் வேணுமா சார்?"

"கட்டாயம் வேணும் பாய்" என்றேன், வகுப்பில் பதில் சொல்லும் தொனியில்.

அந்த வாரமே கார் நிற்க ஆரம்பித்தது. ஆறு மைல் சொகுசாகப் போகும். பிறகு இருமல் வந்தமாதிரி இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றுவிடும். கால்மணி, அரைமணி கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மறுபடி ஆறு மைல்.

கோபம் வரவேண்டிய இடம். எனக்கு உற்சாகம்தான் வந்தது. ஐந்தும் இல்லாமல் ஏழும் இல்லாமல் அது ஏன் ஆறு? ஒரு நோட்டுப் போட்டேன். வெயில் எவ்வளவு, மேடா பள்ளமா, எத்தனை பேர் ஏறினார்கள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். பிளக்கை மாற்றினேன், ஓடியது. ஆகா, பிளக்தான் என்று எழுதினேன். ஆறு மைலில் நின்றது. பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலை மாற்றினேன், ஓடியது. காயில்தான் என்று எழுதினேன். நின்றது. அரைமணி சும்மா நின்றாலே அது ஓடும் என்பதை மறந்துவிட்டு, அந்த அரைமணியில் நான் எதைத் தொட்டேனோ அதுதான் நோய் என்று முடிவு கட்டிக்கொண்டிருந்தேன். பாயும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சந்தேகம் பெட்ரோல் பம்பில் வந்து நின்றது. அது பாயிடம் இல்லை. வண்டியூருக்குப் போனேன்.

தென்னைமரத்தடியில் அந்த இன்னொரு கார் சக்கரமில்லாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு சாமான் மட்டும் கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"தாராளமாக் கழட்டிக்க தம்பி. ஆனா இன்னைக்கி வேணாம்."

"ஏங்கக்கா?"

"கோழி அடையில உக்காந்திருக்கு."

பானெட்டைத் தூக்கினேன். எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவில் வைக்கோல் மெத்தை போட்டு ஒரு சிவப்புக் கோழி. வகுப்புக்கு நேரம் கழித்து வருகிற பையனை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி அது என்னைப் பார்த்தது.

"எம்புட்டு நாள் ஆகும்க்கா?"

"நேத்துத்தான் உக்காந்துச்சு. இருவத்தோரு நாளு. குஞ்சு எறங்கட்டும், நீ எஞ்சினையே தூக்கிட்டுப் போ."

அந்த மூன்று வாரத்தில் நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். (முட்டைக்கு எஞ்சின் இரும்பின் சூடு உதவுகிறதா என்று ஒரு சின்ன சந்தேகம்.) நான்காவது முறை அந்த அக்கா கேட்டேவிட்டார்: "ஏந் தம்பி, நீ சாமானுக்கு வாரியா, கோழியப் பாக்க வாரியா?"

பதினொரு முட்டையில் ஒன்பது பொரிந்தது. பம்பைக் கழற்றி, எச்சத்தைச் சுரண்டி, எங்கள் காரில் மாட்டினேன். சரியாக ஆறு மைல் ஓடி நின்றது.

அதற்குள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் வந்துவிட்டது. "ஆறு மைலுக்கு ஒருதரம் கொஞ்சம் ஓய்வெடுக்கும், மத்தபடி நல்ல கார்" என்று சீனியப்பனிடம் உண்மையைச் சொன்னேன். "மாடுகூடத்தான் ஓய்வெடுக்குது. நீங்க வாங்க, பாத்துக்கலாம்" என்றார் அவர். என்மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

மாப்பிள்ளை முத்துக்குமாருக்கு விவசாய இலாகாவில் வேலை. நத்தம் பக்கத்துக் குடும்பம். அவரும் அப்பா அம்மாவும் அழகர்கோவிலில் கும்பிட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அங்கிருந்து நான் கூட்டிவர வேண்டும். உறவுக்காரர்கள் பஸ்ஸில் நேரே காளவாசலுக்கு வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் தட்டு மாற்றியாக வேண்டும். பெண் வீட்டுச் சார்பில் ஒரு பொம்பிளை கூட இருக்கட்டும் என்று சரோஜாவும் மடியில் பூத்தட்டோடு ஏறிக்கொண்டாள். நல்ல காரியமாயிற்றே என்று டேங்கை வாய்வரை நிரப்பிக்கொண்டேன்.

போகும்போதே விசித்திரம். ஆறு மைல் இல்லை, மூன்று மைலுக்கே நின்றது. "என்னங்க, இன்னைக்கி அவசரத்துல இருக்கு" என்றாள் சரோஜா. வழியில் மூன்று இடத்தில் நின்று, ஒன்றே முக்காலுக்கு வருவதாகச் சொன்னவன் மூன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளையின் அப்பா கோவில் வாசலில் கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். மூவரும் பின்னால் ஏறினார்கள். அப்பன்திருப்பதி தாண்டியதும் கார் இருமியது.

"என்ன தம்பி?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லைங்க. ஓய்வெடுக்குது."

நான் இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். பின்கதவு திறந்து மாப்பிள்ளையும் இறங்கினார். பட்டுச் சட்டை, சரிகை வேட்டி. வைவார் என்று நினைத்தேன். அவர் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்து, "எதுனால நிக்குதுண்ணே?" என்று ஆசையாகக் கேட்டார். என் வியாதி அவருக்கும் இருந்தது. அவ்வளவுதான், நான் பிளக்கிலிருந்து கோழிவரை மூன்று மாதக் கதையையும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பம்பின் குழாயைக் கழற்றினார். நான் எஞ்சினைச் சுற்றவிட்டேன். குழாயில் பெட்ரோல் வரவில்லை. முழு டேங்க், நல்ல பம்பு, பெட்ரோல் மட்டும் வரவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டோம்.

"மணி மூணேகால்" என்றார் அப்பா உள்ளிருந்து.

அப்போது சரோஜா பூத்தட்டை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். "ஏங்க, உள்ள இருக்கற பெட்ரோல் வெளிய வரணும்னா, வெளிய இருக்கற காத்து எந்த வழியா உள்ள போகும்?"

நான் கழற்றிய குழாயை ஒருமுறை ஊதிப் பார்த்தேன்.

"எங்கப்பா எண்ணெய்க் கடையில டின்னுல ஒத்த ஓட்டை போட்டா, மொடக் மொடக்குன்னு ரெண்டு தரம் ஊத்திட்டு நின்னுரும். எதுத்தாப்ல இன்னொண்ணு போட்டாத்தான் சீரா ஊத்தும்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போய், என் பித்தளை மூடியைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல் இருந்தது. மாப்பிள்ளையும் சேர்ந்து இழுத்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் ரோட்டுக்கே கேட்டது. குழாயை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கார் ஓடியது.

தண்ணீர் நிரம்பிய டம்ளர்மேல் அட்டையை வைத்துக் கவிழ்த்து, காற்றின் அழுத்தத்தை வருடா வருடம் முதலாண்டுப் பையன்களுக்குக் காட்டுகிறவன் நான். ஓட ஓட டேங்குக்குள் வெற்றிடம் கூடுகிறது, பம்பு தோற்கிறது. நின்றால் ஏதோ ஒரு இடுக்கு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து போய்ச் சேர்கிறது. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் சீக்கிரமே நிற்கிறது. மூன்று மைல் கணக்கும் தெளிந்துவிட்டது. எனக்கு அங்கேயே நடுரோட்டில் ஆடலாம் போலிருந்தது.

ஒரு சாதாரண மனிதன் இந்த இடத்தில் நேரே காளவாசலுக்குப் போயிருப்பான். நான் மூடியை மறுபடி அழுத்தி மூடினேன்.

"எதுக்குங்க மூடுறீங்க?" என்றாள் சரோஜா.

"ஒரு தடவை ஓடினா அது தற்செயலா இருக்கலாம். திரும்ப நிக்குதான்னு பாத்தாத்தான் நிரூபணம்."

"அண்ணன் சொல்றது சரிதான்" என்றார் மாப்பிள்ளை. அவர் அம்மா முதல்முறையாகத் தன் மகனைக் கவலையோடு பார்த்தார்.

நிரூபணம் ஆயிற்று. கடச்சனேந்தலுக்கு முன்னால், இரண்டு பக்கமும் வயல் இருக்கிற இடத்தில், அச்சாக மூன்று மைலில் நின்றது. நானும் மாப்பிள்ளையும் கைகுலுக்கிக்கொண்டோம். அப்பா கடிகாரத்தைக் கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினார். மூன்றே முக்கால்.

இனி மூடியைச் சும்மா தொட்டாற்போல் வைத்துப் போகலாம் என்று முடிவு. முதல் பள்ளத்திலேயே அது எகிறி, வாய்க்காலில் விழுந்து போய்விட்டது. அடுத்த பள்ளத்தில் பெட்ரோல் தளும்பிக் கண்ணாடியில் அடித்தது. டேங்க் வாய் பின் ஜன்னலுக்குக் கீழே கை எட்டுகிற தூரம்தான். மாப்பிள்ளை யாரையும் கேட்கவில்லை. தோளில் கிடந்த சரிகைத் துண்டை உருட்டி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, டேங்க் வாய்மேல் லேசாகப் பிடித்துக்கொண்டார்.

"இறுக்காதீங்க மாப்ள. காத்து போகணும்" என்றேன்.

"தெரியும்ணே. நீங்க ஓட்டுங்க."

தல்லாகுளம், கோரிப்பாளையம், ஆற்றுப் பாலம், எல்லாவற்றையும் அப்படியே தாண்டினோம். கார் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நாலேகாலுக்குக் காளவாசல். வாசலில் நாதஸ்வரம், ஆரத்தித் தட்டு, சீனியப்பன். அண்ணன் காரைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அல்லது பெட்ரோல் நெடியாகவும் இருக்கலாம். மாப்பிள்ளை தோள்பட்டைவரை நனைந்திருந்தார்.

ஆரத்தியில் கற்பூரத்தை ஏற்றப் போன அம்மாளின் கையைச் சரோஜா பாய்ந்து பிடித்துக்கொண்டாள். உள்ளே குத்துவிளக்குக்குத் தீக்குச்சி உரசப் போனவரை நான் பிடித்தேன். வேறு சட்டை மாற்றிக் கையைக் கழுவ நேரமில்லை. "சாமி ரூம்ல விளக்கு எரியுதுல்ல, அது போதும்" என்று மாப்பிள்ளையின் அம்மா முடிவாகச் சொன்னார். ஏற்றாத விளக்கை நடுவில் வைத்து, நாலு இருபத்தெட்டுக்குத் தட்டை மாற்றினார்கள். பெண்ணைக் கூட்டிவந்தார்கள். தலைகுனிந்து வந்த வசந்தா வாசம் பிடித்து நிமிர்ந்து பார்த்தாள். கறுத்த முழங்கையும் நாறும் சட்டையுமாக, எல்லாரும் ஒதுங்கிய வட்டத்தின் நடுவில் ஒருவர் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

போட்டோக்காரர் மட்டும் வாசற்படி ஏற மறுத்துவிட்டார். "என் பிளாஷ் பல்பு பொட்டுன்னு வெடிக்கும்ணே. பத்திக்கிட்டா நான் பொறுப்பில்ல." கடைசியில் பந்தல் படுதாவை விலக்கி, தெருவுக்கு அந்தப் பக்கம் டீக்கடைப் பெஞ்சின்மேல் ஏறி நின்று எடுத்தார்.

அந்தப் படம் இன்றும் வசந்தா வீட்டு ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. பெரிய தெரு, ஒரு சைக்கிள், ஒரு மாடு. தூரத்தில் வாசலுக்குள் அரிசிமணி அரிசிமணியாகச் சிலர். ஆல்பத்தோடு ஒரு பூதக்கண்ணாடியும் தருவார்கள். பார்க்கிறவர்கள், "நிச்சயதார்த்தப் படத்தை ஏன் ரோட்டுல இருந்து எடுத்தீங்க?" என்று கேட்காமல் இருக்க முடியாது. வசந்தாவும் முத்துக்குமாரும் அதற்குப் பதில் சொல்வதே இல்லை. "அத அண்ணன்தான் சொல்லணும்" என்று எனக்கு ஆள் அனுப்புவார்கள். நானும் போய், முதலிலிருந்து சொல்வேன். மூடியைக் கழற்றும் யோசனை ஏறக்குறைய எனக்கும் வந்துவிட்டிருந்தது என்று ஒரு வரி சேர்த்துப் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சரோஜா, காப்பியை ஆற்றிக்கொண்டே, "அந்த எடத்தைத் திரும்பச் சொல்லுங்க" என்பாள்.