கடைசிப்பந்தியார் உட்காராத நாற்காலி

புதுக்கோட்டை மாவட்டத்தில் அவரைவிடத் தாமதமாகச் சாப்பிட்ட மனிதர் ஒருவரும் கிடையாது. எங்கள் வல்லத்திராக்கோட்டையில் அவருக்குப் பெயரே கடைசிப்பந்தியார். ரேஷன் அட்டையில் வேறு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டு விசேஷமானாலும் பந்தியில் நிற்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். இந்தத் தம்பிக்கு ரசம் வரவில்லை, அந்த அம்மாவுக்கு அப்பளம் நொறுங்கிப்போயிற்று என்று சொல்லிக்கொண்டே போவார். ஆவுடையார்கோவிலில் நடந்த ஒரு கல்யாணத்தில் நான் எண்ணிப் பார்த்தேன். ஏழு பந்தி, மூன்றரை மணி நேரம். மனிதர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எட்டாவது பந்தியில் கல்யாண வீட்டுக்காரர்களோடு அவர் உட்கார்ந்தபோது பாயசம் தீர்ந்துபோயிருந்தது. திருப்தியாகச் சிரித்தார்.

அதே கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் பசி தாங்காமல் இரண்டாம் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசிப்பந்தியார் பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"ஐயா வெளியூருங்களா?"

மாப்பிள்ளையின் தகப்பனார் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

இப்படிப்பட்டவரோடு நான் விமானம் ஏறவேண்டி வந்தது. என் மகன் போலந்து நாட்டில் ஒரு சிறிய ஊரில் வேலை பார்க்கிறான். அவனுடைய சிநேகிதன் அருள், ஆவூர்ப் பையன், அந்தப் போலந்து ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவாயிற்று. அருளுக்குத் தாய் இல்லை. ஆவூரில் விவசாயம் பார்க்கும் தகப்பனார் சந்தியாகு, பெண் வெள்ளைக்காரி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மகனோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று கோயில் உபதேசியார் மூலம் சொல்லியனுப்பிவிட்டார்.

பெண்ணின் அப்பா அருளிடம் வேறெதுவும் கேட்கவில்லை. 'உன் வீட்டிலிருந்து யார் வருவார்கள்?' என்று மட்டும் கேட்டாராம். பையன் உடனே எனக்குப் போன் செய்தான்.

"அங்கிள், நீங்களும் ஆன்ட்டியும் வாங்க. கடைசிப்பந்தி ஐயாவையும் கூட்டிட்டு வாங்க. அம்மாவோட முப்பதாம் நாளுக்கு அவர்தான் நின்னு எல்லாருக்கும் சோறு போட்டாரு."

விசாவுக்கு மூன்று பேருக்கும் சேர்த்து நாற்பத்தொரு தாள் கொடுத்தோம். நான் அவற்றை ஒன்பது முறை சரிபார்த்தேன். கடைசிப்பந்தியார் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. விமானத்தில் சாப்பாடு வந்தபோது, பின்னால் ஆறு வரிசைக்கு இன்னும் வரவில்லை என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பணிப்பெண் இரண்டு முறை கொண்டுவந்தாள், மூன்றாம் முறை வரவில்லை. அவர் பட்டினியாக இறங்கினார். 

அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் பெண் வீட்டார் இடப்பக்கம். நூற்று நான்கு பேர். வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்கு என்று பத்து பெஞ்சு ஒதுக்கியிருந்தார்கள். நான், என் மனைவி, மகன், கடைசிப்பந்தியார் ஆகிய நால்வரும் முதல் பெஞ்சில் அடங்கிவிட்டோம். மீதி ஒன்பதும் காலி. பூசை நடக்கையில் அருள் மூன்று முறை திரும்பி அந்த ஒன்பது பெஞ்சுகளைப் பார்த்தான். பெண்ணின் அப்பாவும் பார்த்தார். என் மனைவி பட்டுப்புடவை முந்தானையை விரித்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் இடத்தையாவது அடைக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

பிறகு விருந்து. அந்த ஊரில் பந்தியே ஒன்றுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். நடு மேசையில் மணமக்கள், பெண்ணின் பெற்றோர், அருளுக்குப் பக்கத்தில் அவன் தகப்பனார் இடத்தில் ஒரு நாற்காலி. அதில் உட்காரச் சொல்லிக் கடைசிப்பந்தியாரை அழைத்துப் போனார்கள். அவர் நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் ஒரு கிழவியின் முன் குனிந்து சாப்பிட்டீர்களா என்று கையால் கேட்டார். ரொட்டி தீர்ந்த மேசைக்கு ரொட்டிக் கூடையை நகர்த்தினார். பரிமாறும் பெண்ணின் கையிலிருந்து சூப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். அவள் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"எல்லாரும் பாக்கிறாங்க, ஒக்காருங்க."

"நான் எப்படி சார் ஒக்கார்றது? கல்யாண வீட்டு ஆளு."

நடு மேசையில் பெண்ணின் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. அருளிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாடு உங்கள் ஆளுக்குப் பிடிக்கவில்லையா, எங்களோடு உட்கார மனம் இல்லையா என்று கேட்டாராம். மகன் என் காதில் சொன்னான். 

அருள் எழுந்து நின்று அவர்கள் மொழியில் பதில் சொன்னான்.  மகன் அதையும் சொன்னான். 'எங்கள் ஊரில் வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் கல்யாண வீட்டுக்காரர்கள் சாப்பிடுவார்கள். அவர் என் வீட்டு ஆள்.'

பெண்ணின் அப்பா எழுந்தார்.  பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். ஒரு கிழங்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைசிப்பந்தியாரிடம் வந்து நின்றார். நம்மவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிமிந்துக்கிட்டு வைக்காதீங்க சம்பந்தி. குனிஞ்சு வைங்க. அங்கிட்டு நீங்க பாருங்க, இங்கிட்டு நான் பாத்துக்கிறேன்."

அந்த மனிதருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனால் குனிந்து வைத்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் இருவரும் சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆறிப்போன சூப்பைக் குடித்தார்கள். அருளும் தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டான்.

ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள், நான் கடைசிப்பந்தியார் வீட்டில் இருந்தபோது சந்தியாகு சைக்கிளில் வந்து இறங்கினார். உட்காரவில்லை. கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"எல்லாரும் சாப்பிட்டாங்களா?"

கடைசிப்பந்தியார் அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். கோயிலில் நம் பக்கம் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். பூசை வைத்த சாமியார் சந்தியாகுவின் பெயரைச் சொல்லிச் செபித்தார். பெண்ணின் அப்பா முதல் வார்த்தையாக மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உடம்பு தேவலையா என்றுதான் கேட்டார். இப்படியே போயிற்று. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஆறு பொய். நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்து பழக்கமில்லை. காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"மாப்ள பக்கத்துல ஒங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருந்தாங்க. கடைசி வரைக்கும் அதுல யாரும் ஒக்காரலங்க."

இதையும் சேர்த்து ஏழு என்று எண்ணப் போனவன் நிறுத்திக்கொண்டேன்.

சந்தியாகு துண்டால் முகத்தைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அவன் நம்பர் இருக்குங்களா?"

கடைசிப்பந்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக வாசிக்க ஆரம்பித்தார். நடுவில் வந்த ஆறை எட்டு என்று வாசித்துவிட்டார். அன்று அவர் சொன்னதில் அது ஒன்றைத்தான் நான் திருத்தினேன்.