சாக்பீஸ் மேஜர் எடுத்த கதை

கோவளத்தில் சாக்பீஸிடம் பாடம் கேட்காமல் தப்பித்த உயிர் எதுவும் கிடையாது. ஆடுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

சாக்பீஸ் என்பது என் பள்ளித் தோழியின் பட்டப்பெயர். அவளுடைய அத்தா மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் சப்ளை செய்பவர். மகளின் ஜாமெண்ட்ரி பாக்ஸில் காம்பஸ் இருக்காது. மூன்று சாக்பீஸ் இருக்கும். ஸ்கூல் டீச்சர் ஆவது என்று ஒண்ணாங்கிளாஸிலேயே முடிவெடுத்துவிட்டாள். அதில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எந்தப் பாடத்துக்கு டீச்சர் என்ற கேள்விதான் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று பூதமாகக் கிளம்பியது.

காரணம், எல்லாப் பாடத்திலும் தொண்ணூறைத் தாண்டி ஏறக்குறைய ஒரே மார்க் வாங்கித் தொலைத்திருந்தாள். காலேஜில் எந்த மேஜர் எடுக்கிறாளோ, பி.எட். முடித்து ரிடையர் ஆகும்வரை அதைத்தான் நடத்தியாக வேண்டும். கவுன்சலிங்குக்கு மூன்று வாரம் இருந்தது. "இங்கிலீஷ் எடும்மா, மரியாதையா இருக்கும்" என்றார் அத்தா. இவள் கேட்கவில்லை.

"ஒரு பொடவ எடுக்கவே பத்துக் கடை ஏறி எறங்குறோம். முப்பது வருஷம் கட்டிகினு நிக்கப் போற பாடத்த மேல வெச்சிப் பாக்காம எடுப்பாங்களாடி?"

"அதுக்கு இன்னா பண்ணப் போற?"

"நடத்திப் பாக்கப் போறேன். நீயும் வா."

போனேன். எனக்கு வேறு வேலை இல்லை. ஏழாம் கிளாஸிலேயே கணக்கு என்னைக் கைகழுவிவிட்டது. மற்ற பாடங்களும் பின்னாலேயே யோசித்துக்கொண்டிருந்தன.

முதலில் ஹிஸ்டரி. மகாபலிபுரத்தில் ரதங்களுக்கு எதிரே நின்று பல்லவர்களை ஆரம்பித்தாள். படாளத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்த ஒரு பெரிய குடும்பம் அப்படியே நின்றுவிட்டது. கைடு ஒருவர் வேகமாக வந்தார்.

"இன்னாமா, கைடு கார்டு கீதா உன்னாண்ட?"

"இல்லண்ணா. ஒக்காருங்க, பாதில வந்துட்டீங்க."

அவர் உட்கார்ந்தார். முடிந்ததும் இரண்டு சந்தேகம் கேட்டார். எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் சாக்பீஸ் தன் நோட்டில் ஹிஸ்டரியை அடித்துவிட்டாள். "கல்லப் பாக்க வந்த கூட்டம்டி. கிளாஸ்ல கல்லு இருக்காது."

அடுத்து ஜுவாலஜி. கோவளம் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனுக்கு மீனின் செவுளை விளக்கினாள். அவர் ஆறு இடத்தில் திருத்தினார். "புக்குல இப்டியா போட்டுகீறான்?" என்று வருத்தப்பட்டு இரண்டு சங்கரா மீனும் கொடுத்தனுப்பினார். சாக்பீஸ் நோட்டில் எழுதினாள்: பாடம் நல்ல பாடம். ஊர் சரியில்லை.

இங்கிலீஷை செங்கல்பட்டு பஸ்ஸில் நடத்தினாள். திருப்போரூரில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். செங்கல்பட்டுக்கு டிக்கெட் எடுத்தவர்களும் அதில் இருந்தார்கள்.

கணக்கு பாக்கி. அதற்குள் ஊரில் சாக்பீஸைக் கண்டாலே கதவைச் சாத்த ஆரம்பித்திருந்தார்கள். மாட்டியவள் நான்தான்.

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு ஃபைபர் போட்டின் மேல் எழுதினாள்: மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ்.

"ஏன்?" என்றேன். ஏழாம் கிளாஸில் இதே கேள்விக்குத்தான் என்னை மக்கு என்று சொல்லி உட்கார வைத்தார்கள். அதன்பிறகு நான் யாரையும் எதற்கும் ஏன் என்று கேட்டதில்லை.

சாக்பீஸ் விளக்கினாள். புரியவில்லை. வேறு மாதிரி விளக்கினாள். அதுவும் புரியவில்லை. பத்தாவது தடவை போட்டுக்காரர் வந்துவிட்டார்.

"இன்னாமே, போட்டுல கிறுக்கிகினு கீறீங்க?" என்று கத்தியவர், நின்று கேட்டார். கொஞ்ச நேரத்தில், "எனக்கே புரிஞ்சிடுச்சி. இந்தப் பொண்ணுக்கு இன்னும் ஏறல பாரு" என்றார்.

சாக்பீஸ் அவரைக் கண்டுகொள்ளவில்லை. "எழுந்திரு. கடலப் பாத்து நில்லு. மைனஸ்னா திரும்பு."

திரும்பினேன். எதிரே தேவாலயமும் பஸ் ஸ்டாண்டும் தெரிந்தன.

"இன்னொரு மைனஸ்."

மறுபடி திரும்பினேன்.

"இப்ப இன்னா தெரியுது?"

"கடலு."

"மொதல்ல?"

"கடலு... ஓ!"

நான் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனால் அழுதேன். சாக்பீஸ் நோட்டில் எதுவும் எழுதவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுன்சலிங் அன்று நானும் கூடப் போனேன். சாக்பீஸை முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள். எல்லா மேஜரும் காலியாக இருந்தது. அத்தா பின்னாலிருந்து "இங்கிலீஷ், இங்கிலீஷ்" என்று முணுமுணுத்தார். இவள் "மேத்ஸ் சார்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

வெளியே வந்ததும் அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏம்மா, கஷ்டமான பாடமாச்சே. புள்ளைங்களுக்கு ஏறலன்னா இன்னா பண்ணுவ?"

"அத்தா, இவளுக்கே ஏறிடுச்சி."

அத்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சின்ன வயசிலிருந்து என்னைத் தெரிந்தவர்.

"அப்ப சரி" என்றார்.

இப்போது சாக்பீஸ் மதுராந்தகம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வருஷா வருஷம் ஜூன் மாதம் போன் செய்வாள். எடுத்ததும் நலம் விசாரிக்க மாட்டாள். "இந்த வருஷமும் உன்ன மாதிரியே ஒண்ணு வந்துகீதுடி!" என்பாள். குரலில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும்.

நியாயமாக நான் கோபித்துக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கோ ஒரு குழந்தை ஏன் என்று கேட்டு, யாரும் அதை உட்காரச் சொல்லாமல் இருப்பதை நினைத்து, அன்று முழுவதும் மனசு நிறைந்து கிடப்பேன்.