ஏரோ அக்காவும் என் முதுகும்

உலகத்தில் யார் எப்படி உட்கார்ந்தாலும் அதில் குற்றம் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் ஏரோ அக்காதான். கடவுளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும், "ஒரு பக்கம் தோளு ஏறியிருக்குதுங்க" என்றுதான் வரவேற்பார்.

அனுப்பர்பாளையம் லேடீஸ் ஹாஸ்டலில் அவர் என் ரூம்மேட். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் பழுதான இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்தான் ஏரோ. துப்பட்டாவில் நாலைந்து ஏரோவோடுதான் அக்கா ரூமுக்கே வருவார்.

நானோ ஆபீசில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்துவிட்டு, சாயங்காலம் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் கிடாரைப் படுக்கவைத்து, அதன்மேல் கவிழ்ந்து வாசிக்கிறவள். தோள்வலி உயிரை எடுத்தது. அந்த வருஷம்தான் கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் தனியாக வாசிக்க முதல்முதலாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எத்தனை நாள் ஆசை! ஆனால் இந்த வலியோடு முடியாது, வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

"பாட்டப் பத்தி எனக்கு ஒண்ணுந் தெரியாது அம்முணி. ஆனா நீ உக்கார்றது ரிஜக்ட்டு" என்றார் அக்கா. முதுகில் ஒரு ஏரோ, தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று. "கிடாரு உன்ற நெஞ்சுக்கு வரோணும். நீ அதுகிட்டக் குனிஞ்சு போகக்கூடாது."

நாற்காலியின் முன்பக்கமாக உட்காரவைத்தார். இடது காலை உயர்த்தி வைக்க ஹாஸ்டல் குழம்புச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டார். வார்டன் சட்டியைத் தேடிக்கொண்டு வந்தபோது, "அம்முணி கால எடுத்தா முதுகு வளைஞ்சுருமுங்க. இன்னைக்கு ரசம் வெச்சுக்கலாமுங்க" என்றார். அன்று ஹாஸ்டலே ரசம் சாப்பிட்டுவிட்டு என்னைத் திட்டியது. கொஞ்ச நாளில் வலி குறைந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டாவது சரணத்திலேயே என் தோள் காதைத் தொட்டது. கடைசி பெஞ்சிலிருந்து அக்கா எழுந்து விறுவிறுவென்று வந்து, தோளில் ஒரு ஏரோவை ஒட்டினார். பிறகு போதகரைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க சாமி, பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலீங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். சபையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், தோள் தானாக இறங்கியது. மிச்சப் பாட்டை வாசித்த மாதிரி அதற்கு முன்னால் நான் எதையும் வாசித்ததில்லை.

அக்கா இப்போது ஜோர்டானில் ஒரு கார்மெண்ட்ஸில் இருக்கிறார். அவரை என் மனசு அப்படித் தேடுகிறது. பக்கத்துக் கட்டிலில் வேறொரு பெண் வந்துவிட்டாள், தங்கமான பிள்ளை. நான் எப்படி உட்கார்ந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை அக்காவுக்கு லீவு. வீடியோ காலில் வருவார். நான் கிடாரை எடுப்பேன்.

"பாட்டு எப்படீங்க்கா இருக்குது?"

"பாட்ட ஆரு கேட்டா? போனப் பக்கவாட்டுல வை, முதுகு தெரியல. அடக் கெரகமே, மறுபடியும் கூனிக்கிட்டயா? நீ நிமுர்ற வரைக்கும் நான் போன வெக்கமாட்டேன், பாத்துக்க."

நான் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டு வாசிக்கிறேன்.