பதினான்காம் கட்டம்

காலியான கட்டத்தோடு ஒரு விண்ணப்பமும் தனசேகரைத் தாண்டிப் போனதில்லை. திருச்செங்கோட்டு மருத்துவ உதவி அலுவலகத்தின் படிவத்தை வடிவமைத்தவரே அவர்தான். அதிலும் பதினான்காம் கட்டம், 'கட்டியின் அளவு, சென்டிமீட்டரில்', அவர் பெற்ற பிள்ளை மாதிரி.

சித்திரையில், போர்வெல் போடும் ரிக் வண்டியின் டிரில்லர் கருப்பண்ணன் வந்தார். புற்றுக்கட்டி உதிர்க்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அவர் ரத்தத்தில் இருப்பதாகப் பரிசோதனை சொல்லியிருந்தது. கட்டி எங்கே என்று பெரிய ஆஸ்பத்திரியில் உடனே தேட வேண்டும். அதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும்.

"கட்டி எத்தன சென்டிமீட்டருங்க?" என்றார் தனசேகர்.

"இன்னும் தெம்படலீங்க."

"தெம்படாததுக்கு எப்படிங்க அனுமதி குடுக்கறது?"

"போர் போடறப்ப ஈர மண்ணு வந்தாலே தண்ணி இருக்குதுன்னு தெரியுமுங்க சார்."

"தண்ணி வந்தா எத்தன இஞ்சுன்னு அளப்பீங்கல்ல? அளந்துட்டு வாங்க."

இந்தப் பதிலுக்காக அன்று முழுக்கத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

ஆனியில் தனசேகரின் பிறந்தநாள் வந்தது. கேக் வெட்டுவதெல்லாம் பழசு, முழு உடல் பரிசோதனைதான் இப்போது நாகரிகம் என்று அவரும் செய்துகொண்டார். அவர் ரத்தத்திலும் அதே துகள்கள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பயம் என்றால் அப்படியொரு பயம்.

சொந்த விண்ணப்பத்தைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது விதி. அவரிடமே தொழில் கற்ற பிரவீனாவின் மேசைக்கு அது போனது.

"பதினாலு காலியா இருக்குதுங்க சார்."

"கட்டி இன்னும் தெம்படலியே, பிரவீனா."

"தெம்படாததுக்கு எப்படிங்க சார்? நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

தன் வினை தன்னைச் சுடும் என்பதை அவர் அதுவரை காலண்டர் தாளில்தான் படித்திருந்தார்.

அந்நேரம் கருப்பண்ணன் உள்ளே வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "இப்பக் கைக்கே தெம்படுதுங்க சார், மூணு சென்டிமீட்டரு. கட்டம் நெறஞ்சிருச்சு" என்று படிவத்தை நீட்டியவர், தனசேகர் கையிலும் அதே படிவம் இருப்பதைப் பார்த்தார்.

"உங்களுது எத்தனைங்க?"

தனசேகர் பேனாவைத் திறந்தார். இருபத்தாறு வருட சர்வீஸ் பதினான்காம் கட்டத்தில் தானாகவே எழுதியது: 'பரிசீலனையில் உள்ளது.'

பிரவீனா பார்த்தாள். கட்டம் காலியாக இல்லை. முத்திரை குத்தினாள்.

"இதையே அன்னிக்கு எனக்கும் எழுதியிருக்கலாமுங்களே சார்" என்றார் கருப்பண்ணன், கோபமே இல்லாமல்.

தனசேகர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதற்குப் பதில் எழுத அவர் கட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை.