டீக்கு ஒரு பில்

“இந்த ரெண்டு டீக்கும் ஒரு பில் போட்டுக் குடுங்க” என்று சகலை கேட்டதும், வெல்டருக்குக் குடித்த டீ பாதித் தொண்டையில் நின்றது.

“ரெண்டு டீக்குப் போய் எவனாவது பில் கேப்பானா சகலை? உனக்கே கேவலமா இல்ல?”

“பழக்கமாயிடுச்சு சகலை.” சிரித்தபடி அந்தத் துண்டுச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான். “விட்ட எடத்துக்கு வாங்க. மொதலாளி திட்டினாரு. நீங்க என்ன சொன்னீங்க?”

சகலையைப் பார்த்தாலே வெல்டருக்கு எரிச்சல்தான். இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அக்காவைக் கட்டிய வெல்டருக்குப் பகலெல்லாம் கண்ணெதிரே நெருப்புப் பொறி, சாயங்காலமானால் கண்ணுக்குள் சொட்டு மருந்து. தங்கையைக் கட்டிய சகலையோ வேலையை விட்டுவிட்டு, வீட்டு மூலையில் ஒரு வெப்சைட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான். குடும்பக் கதை ஏதோ எழுதுகிறானாம். ஓரத்தில் விளம்பரம் ஓடுமாம். யாராவது அதைத் தொட்டால் இவனுக்குக் காசாம். நாற்காலியைத் தவிர வேறெதுவும் தேயாத பிழைப்பு!

வீட்டுக்குப் போனால் மனைவி விடுவாளா?

“தங்கச்சி வீட்டுல புது ஃப்ரிட்ஜ். தொறந்தா பகல் மாதிரி வெளிச்சம். நம்மளது தொறந்தா கதவு கையோட வருது.”

“வெல்டு வெச்சுத் தரேன்.”

“அப்படியே என் வாய்க்கும் ஒண்ணு வெச்சிடுங்க. தங்கச்சி வீட்டுக்காரரைப் பாத்துப் பெருமூச்சு விட்டுட்டுக் கெடக்கேன்.”

அந்தப் பெருமூச்சுதான் வெல்டரைக் கொன்றது. மனைவி ஒரே ஒரு தடவை சகலையைப் பார்த்து ‘அய்யோ பாவம்’ என்று சொல்லிவிட்டால் போதும், அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

அதற்கு வழியைச் சகலையே ஒருநாள் டீக்கடையில் காட்டிக் கொடுத்தான்.

“விளம்பரக் காசும் வருமானம்தான் சகலை. எந்த ஊர்க் கம்பெனி குடுத்தாலும் நாமதான் கணக்குக் காட்டணும். வரம்பைத் தாண்டிட்டா வரி. நல்லவேளை, நான் இன்னும் தாண்டல.”

தாண்டிவிட்டால் மொத்தத்தையும் வழித்து எடுத்துக்கொள்வார்கள் என்று வெல்டர் புரிந்துகொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அது பொய்யாகிவிடுமோ என்று பயம்.

மறுநாள் பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டார்.

“போனை எடுங்கடா. இந்த வெப்சைட்டைத் தொறந்து, ஓரத்துல வர்ற விளம்பரத்தையெல்லாம் அமுக்குங்க. டீ என் கணக்கு.”

“ஏண்ணே, காசு அவருக்குத்தானே போகும்?” என்றான் லேத் ஓட்டும் கடைசல்காரன்.

“போகட்டும்டா. ரொம்பி வழியட்டும். வழிஞ்சா வரிக்காரன் வந்து சட்டியோட தூக்கிட்டுப் போவான்.”

பட்டறையே அமுக்கியது. அமுக்கியவர்கள் அமுக்கிவிட்டுப் போகாமல், போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

“அண்ணே, இதுல எழுதியிருக்கிறதை நீங்க படிச்சீங்களா?”

“அவன் எழுத்தைப் படிக்கிறதுக்கு நான் வெறுஞ்சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காருவேன். பேசாம அமுக்குடா.”

அவர்கள் தங்கள் வீட்டுக்காரிகளுக்கும் அதை அனுப்பி வைத்தார்கள். சில நாளில் வெல்டர் தெருவில் நடந்தால் பக்கத்துப் பட்டறைக்காரன்கூடப் பல்லைக் காட்டினான். நம் திட்டத்துக்கு இவ்வளவு ஆதரவா என்று வெல்டர் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

வேகம் போதவில்லை என்று தானும் ஒரு சோபா விளம்பரத்தை அமுக்கினார். அன்றிலிருந்து அவர் போனில் எதைத் திறந்தாலும் சோபா வந்து நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

“நமக்காங்க?” அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம், தங்கச்சி வீட்டு ஃப்ரிட்ஜ் தோற்றது.

“சும்மா பாத்தேன்.”

வெளிச்சம் அணைந்தது. அடுத்த மாதம் அதே சோபா சகலை வீட்டுக் கூடத்தில் கிடந்தது.

“உக்காருங்க சகலை! வரம்பைத் தாண்டிட்டேன்!”

“அப்போ... மொத்தமும் போச்சா?” வெல்டரின் குரல் ஆசையில் நடுங்கியது.

“மொத்தம் எங்க போகும்? தாண்டினதுக்கு மட்டும்தானே வரி. அதைக் கட்டிட்டு மிச்சத்துல இதை வாங்கினேன். படிக்கிறவங்க திடீர்னு குவிஞ்சிட்டாங்க. யாரு செஞ்ச புண்ணியமோ!”

வெல்டருக்குச் சோபா முழுக்க முள்ளாகக் குத்தியது. போதாததற்குச் சகலை ஒரு கட்டம் போட்ட புதுச் சட்டையைக் கையில் கொடுத்தான். சட்டை இருந்த பைக்குள் பில் இல்லை. அதைப் பத்திரமாக அவனே வைத்துக்கொண்டான்.

“பாத்தீங்களா அவரு மனசை!” என்றாள் மனைவி, வழி நெடுக.

டீக்குப் பில், சட்டைக்குப் பில். இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது. இனி நேரே வரி ஆபீஸ்தான். அடுத்த வாரம் பட்டறைக்கு லீவு போட்டார். நல்ல சட்டை வேறு இல்லாததால் சகலை கொடுத்ததையே மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கண்ணாடி போட்ட பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

“அவன் கணக்கைக் கொடைஞ்சு பாருங்கம்மா. ரெண்டு டீக்கு பில் வாங்குறவன் யோக்கியனா இருப்பானா?”

வெப்சைட் பேரைச் சொன்னதும் அதிகாரி நிமிர்ந்தாள். பியூனும் நிமிர்ந்தான்.

“அவரா? கணக்கு சுத்தமா இருக்கு சார். விளம்பரத்துல வந்ததுல ஒரு காசு மறைக்கல. வரி கட்டியாச்சு. ஒரே ஒரு செலவுதான் எனக்குப் புரியல. டீ, பலகாரம், ஒரு சட்டை, எல்லாத்துக்கும் பில் வெச்சு, ‘கச்சாப் பொருள் வாங்கிய செலவு’ன்னு கழிச்சிருக்காரு. கதை எழுதுற வெப்சைட்டுக்கு எதுக்கு சார் கச்சாப் பொருள்?”

“அதான் நானும் சொல்றேன்!” வெல்டர் மேஜையைத் தட்டினார். “பொய்க் கணக்கும்மா! விடாதீங்க!”

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“சகலை.”

பியூன் போனில் அந்த வெப்சைட்டைத் திறந்து, அதையும் வெல்டரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“மேடம், செலவைத் தள்ளிடாதீங்க... போன வாரக் கதையில வந்த அதே கட்டம் போட்ட சட்டையோட, கச்சாப் பொருளே நேர்ல வந்து நிக்குது!”